பிரெஞ்சு போர்க்கப்பல் ஹீரோஸ் (1778–1793): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹீரோஸ்னா எந்தக் கப்பல்? முதல்ல சுருக்கமா சொல்லுங்க.

74 பீரங்கி வச்ச பிரெஞ்சு பாய்மரப் போர்க்கப்பல். பிரான்ஸோட தெற்குக் கரையில இருக்கற தூலோன் கப்பல் தளத்துல, கூலோம்னு ஒரு கப்பல் வடிவமைப்பாளர் வரைஞ்ச பிளான்படி கட்டினாங்க, 1778 டிசம்பர் 30ல தண்ணில இறக்கினாங்க. 1793 டிசம்பர்ல அதே தூலோன்ல எரிஞ்சு போச்சு. மொத்த ஆயுசு 15 வருஷம்தான், அதுலயும் 1781 மார்ச்ல இருந்து 1784 மார்ச் வரைக்கும் உள்ள மூணு வருஷத்துக்காகத்தான் இன்னிக்கும் இந்தக் கப்பலைப் பத்தி பேசறோம். அந்த மூணு வருஷத்துல பாதிக்கிட்ட நம்ம சோழமண்டலக் கரையிலயும் திருகோணமலையிலயும்தான் கழிஞ்சுது. பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரெனோட கொடிக்கப்பல் இதுதான், அதாவது தளபதி ஏறி நின்னு தன் கொடியைப் பறக்கவிட்ட கப்பல்.

இந்தக் கப்பலைப் பத்தி எழுதறவங்க பெரும்பாலும் சண்டைகளைத்தான் வரிசையா எழுதுவாங்க. என்னைக் கேட்டா அதைவிடப் பெரிய விஷயம் வேற ஒண்ணு இருக்கு. ஒதுங்க ஒரு துறைமுகம் இல்லாம, ரிப்பேர் பண்ண ஒரு தளம் இல்லாம, உடைஞ்ச பாய்மரத்துக்குப் பதில் மரம் எங்க கிடைக்கும்னே தெரியாம இந்தக் கப்பல் எப்படித் தாக்குப்பிடிச்சுது? கீழ பாதிக்கு மேல அதைப் பத்தித்தான் இருக்கும்.

74 பீரங்கின்னா எவ்ளோ பெரிய கப்பல்?

அந்தக் காலத்து கடற்படைகள்ல முதுகெலும்பே இந்த சைஸ்தான். நீளம் 50 மீட்டருக்கு மேல, ஆளுங்க சுமார் 700 பேர். கீழ்த்தளத்துல 36 பவுண்டு குண்டு போடற பீரங்கி 28, மேல்தளத்துல 18 பவுண்டு பீரங்கி 30, மிச்சம் 16 சின்னது. பிரெஞ்சு பவுண்டு நம்ம கணக்குல அரை கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி, அதனால கீழ்த்தளத்து ஒரு குண்டே பதினேழு பதினெட்டு கிலோ வரும், அதை அம்பது அறுபது அடி தூரத்துல நின்னு எதிரி கப்பலோட மரச்சுவர்ல அடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. இதைவிடப் பெரிய கப்பலும் இருந்துச்சு, ஆனா அதெல்லாம் மெதுவா போகும், செலவு ஜாஸ்தி. 64 பீரங்கி கப்பல் மலிவு, ஆனா அடி தாங்காது. வேகம், அடி ரெண்டுக்கும் நடுவுல சரியா வந்தது இந்த 74தான்.

சுஃப்ரென் யாரு?

முழுப்பேர் பியேர் ஆந்த்ரே தெ சுஃப்ரென். 1729ல புரோவான்ஸ் பகுதியில பிறந்தவர், மால்டா வீரர் சங்கத்துலயும் இருந்தவர், அதனாலதான் பேருக்கு முன்னாடி 'பைலி'ன்னு ஒரு பட்டம் வரும். ஆளு ரொம்ப குண்டு, டிரஸ்ல அக்கறையே கிடையாது, சாப்பாட்டுப் பிரியர், கோவம் வந்தா பக்கத்துல நிக்க முடியாது. ஆனா கடல்ல அவரை மாதிரி துணிஞ்சு உள்ள போய் அடிக்கற தளபதி அந்தக் காலத்து பிரெஞ்சுக் கடற்படையில வேற யாரும் இல்ல. மத்தவங்க கப்பலைக் காப்பாத்தணும்னு நினைச்சாங்க, இவரு எதிரி கடற்படையை ஒழிக்கணும்னு நினைச்சாரு.

கிளம்பினதுல இருந்து இந்தியா வரைக்கும் என்ன நடந்துச்சு?

அமெரிக்க சுதந்திரப் போர் நடந்துட்டிருந்த நேரம். பிரான்ஸ், ஸ்பெயின், ஹாலந்து எல்லாம் இங்கிலாந்துக்கு எதிரா இருந்தாங்க. 1781 மார்ச் 22ல பிரெஸ்ட் துறைமுகத்துல இருந்து தெ கிராஸ்ங்கற பிரெஞ்சு அட்மிரலோட பெரிய படைகூட கிளம்பி, ஒரு வாரத்துல பிரிஞ்சு, சுஃப்ரென் அஞ்சு கப்பலோட தெற்கே திரும்பினாரு: ஹீரோஸ், அனிபால், ஆர்தேசியன், ஸ்ஃபிங்ஸ், வான்ஜியர். டச்சுக்காரங்ககிட்ட இருந்த தென்னாப்பிரிக்கா கேப்பை (நன்னம்பிக்கை முனை) பிடிக்க ஜான்ஸ்டன் தலைமையில ஒரு ஆங்கிலப் படை போயிட்டிருந்துச்சு, அதுக்கு முன்னாடி போய் கேப்பை காப்பாத்தணும், அதுதான் இவருக்குக் கொடுத்த வேலை.

ஏப்ரல் 16ல கேப் வெர்டே தீவுல போர்த்தோ பிராயா துறைமுகத்துக்கு தண்ணி பிடிக்கப் போனா, ஜான்ஸ்டனோட படை மொத்தமும் அங்க நங்கூரம் போட்டு நிக்குது. துறைமுகம் போர்ச்சுகலுக்கு சொந்தம், எந்தப் பக்கமும் சேராத நாடு, அங்க சண்டை போடக் கூடாது. சுஃப்ரென் அதையெல்லாம் பாக்கல. ஹீரோஸை நேரா உள்ள விட்டு, எதிரி கப்பல்களுக்கு நடுவுலயே நங்கூரத்தைப் போட்டு அடிக்க ஆரம்பிச்சாரு. பின்னாடி அனிபால் வந்துச்சு, மத்த மூணுல ஒண்ணும் சரியா வந்து நிக்கல, ரெண்டு கேப்டன் செத்துட்டாங்க. அனிபாலோட பாய்மரம் மொத்தமும் போயிடுச்சு. கடைசில ஹீரோஸ் நங்கூரக் கயிறை வெட்டிட்டு வெளிய வந்துச்சு.

சண்டையா பாத்தா இது வெற்றி இல்ல. ஆனா ஜான்ஸ்டன் தாமதமாயிட்டாரு, சுஃப்ரென் ஜூன் 21ல கேப்புக்கு முதல்ல போய் சேந்துட்டாரு, படைகளை இறக்கிட்டாரு, கேப் தப்பிச்சுது. ஜான்ஸ்டன் வந்து சில டச்சு வணிகக் கப்பலை மட்டும் பிடிச்சுட்டுத் திரும்பிட்டாரு. போன வேலை முடிஞ்சுது, அதுதான் முக்கியம்.

நம்ம பக்கம் எப்போ வந்துச்சு?

1781 அக்டோபர்ல மொரீஷியஸ் வந்து (அப்போ அதுக்கு ஈல் தெ பிரான்ஸ்னு பேரு) அங்க இருந்த தோர்வ் பிரபுவோட படைகூட சேந்து, டிசம்பர் 7ல 11 பெரிய கப்பலா இந்தியாவுக்குக் கிளம்பினாங்க. வழியில 1782 ஜனவரி 22ல ஹானிபல்னு 50 பீரங்கி ஆங்கிலக் கப்பலைப் பிடிச்சாங்க. ஏற்கனவே அனிபால்னு ஒண்ணு இருக்கே, அதனால பிடிச்சதுக்கு 'குட்டி அனிபால்'னு பேர் வச்சு படையில சேத்துக்கிட்டாங்க. பிப்ரவரி 9ல தோர்வ் நோயில இறந்துட்டாரு, மொத்த படையும் சுஃப்ரென் கைக்கு வந்துச்சு.

எதிர்ல இருந்தவர் ஆங்கிலக் கடற்படைத் தளபதி சர் எட்வர்ட் ஹியூஸ், கொடிக்கப்பல் சூப்பர்ப். ஹியூஸ் சும்மா ஆளு இல்ல, நிதானமானவர், 1781 நவம்பர்ல டச்சுக்காரங்ககிட்ட இருந்து நாகப்பட்டினத்தை எடுத்தாச்சு, 1782 ஜனவரில திருகோணமலையையும் எடுத்தாச்சு. புதுச்சேரியை 1778லயே ஆங்கிலேயர் பிடிச்சு கோட்டையை இடிச்சுப் போட்டிருந்தாங்க. அதாவது சுஃப்ரென் இங்க வந்து சேரும்போது இந்தக் கரை முழுக்க அவருக்குன்னு ஒரு இடம்கூட இல்ல.

சதுரங்கப்பட்டினம் சண்டை, 1782 பிப்ரவரி 17. என்ன ஆச்சு?

கல்பாக்கம் பக்கத்துல இருக்கே அதே சதுரங்கப்பட்டினம்தான், ஆங்கிலத்துல சட்ராஸ்னு எழுதுவாங்க. ஹியூஸ் மெட்ராஸ் கோட்டை பீரங்கிகளோட பாதுகாப்புல நங்கூரம் போட்டிருந்தாரு, சுஃப்ரென் அதைப் பாத்துட்டு தெற்கே போனாரு. ராத்திரியோட ராத்திரியா ஹியூஸ் பின்னாடியே வந்து பிரெஞ்சுக்காரங்களோட சரக்குக் கப்பல்கள்ல கைவச்சுட்டாரு, அதுல லோரிஸ்டன்னு ஒரு கப்பல், ஆங்கிலேயருக்கு எதிரா பிரெஞ்சுக்காரங்ககூட சேந்திருந்த மைசூர் ஹைதர் அலிக்குப் போற பீரங்கியும் தளவாடமும் அதுல இருந்துச்சு. மறுநாள் சுஃப்ரென், ஒண்ணு பின்னாடி ஒண்ணா நின்ன ஆங்கிலக் கப்பல் வரிசையோட பின்பக்கத்தை மட்டும் குறிவச்சு அடிச்சாரு. திட்டம் அருமை, ரெண்டு பக்கமும் சுத்தி வளைக்கணும்னு. ஆனா பின்னாடி வந்த பல கேப்டன்கள் தூரமாவே நின்னுட்டாங்க. எக்ஸெட்டர்ங்கற ஆங்கிலக் கப்பல் சல்லடையா போச்சு, இருந்தும் மூழ்கல. பொழுது சாஞ்சுது, காத்து மாறுச்சு, பிரிஞ்சுட்டாங்க.

சொல்ல வேண்டிய இன்னொண்ணு, அடுத்த சண்டைகள்லயும் இதே கதைதான் திரும்பத் திரும்ப வரும். சுஃப்ரெனோட திட்டம் ஒண்ணு, அவரோட கேப்டன்கள் செஞ்சது வேற. அவரும் தன் மனசுல இருக்கறதை அவங்ககிட்ட உக்காந்து விளக்கிச் சொல்லி தயார் பண்ணவே இல்ல, அந்தத் தப்பு அவருதுதான்.

அடுத்தது ப்ரொவிடியன். அது எங்க இருக்கு?

திருகோணமலைக்குத் தெற்கே, இலங்கையோட கிழக்குக் கரை ஓரமா ஒரு சின்னப் பாறைத் தீவு. 1782 ஏப்ரல் 12. மார்ச் மாசம் பரங்கிப்பேட்டையில படைகளை இறக்கியாச்சு, ஏப்ரல் தொடக்கத்துல கடலூர் கைக்கு வந்தாச்சு, அதுக்கப்புறம் நடந்த சண்டை இது. ஹீரோஸ் முதல்ல சூப்பர்ப்கூட மோதுச்சு, அப்புறம் மான்மவுத்ங்கற 64 பீரங்கி கப்பல்மேல திரும்புச்சு. மான்மவுத் போர்த்தோ பிராயாவுலயே ஹீரோஸை எதிர்த்து நின்ன கப்பல், கேப்டன் ஜேம்ஸ் ஆம்ஸ். அன்னிக்கு அதோட பின் பாய்மரம் விழுந்துச்சு, அடுத்து நடுப் பாய்மரமும் விழுந்துச்சு, ஆனா சரணடையல. எதிரிப் பக்கம்னாலும் அந்த ஆளுங்களை மெச்சாம இருக்க முடியல.

ஹீரோஸும் பாய், கயிறெல்லாம் அறுந்து சொன்னபடி திரும்ப முடியாத நிலைமைக்கு வந்துச்சு, சுஃப்ரென் அன்னிக்கு ராத்திரி தன் கொடியை அஜாக்ஸ் கப்பலுக்கு மாத்த வேண்டியதாப் போச்சு. பாறைகளுக்கு நடுவுல, இருட்டுல, மழையில ரெண்டு படையும் கிட்டக்கிட்ட நங்கூரம் போட்டு அப்படியே நாள்கணக்கா ரிப்பேர் பண்ணாங்க. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே ஆசாரி வேலை செஞ்சிருக்காங்க.

நாகப்பட்டினம் சண்டையில (1782 ஜூலை 6) ஹீரோஸ் என்ன செஞ்சுது?

அன்னிக்கு திடீர்னு காத்து மாறி ரெண்டு வரிசையும் கலைஞ்சு போச்சு. பிரில்லியான்ங்கற பிரெஞ்சுக் கப்பல் நடுப் பாய்மரத்தை இழந்து எதிரி கைல சிக்கப் பாத்துச்சு, ஹீரோஸ் போய் அதுக்கும் ஆங்கிலேயருக்கும் நடுவுல நின்னுச்சு. அதே நேரத்துல செவேர்ங்கற கப்பல்ல ஒரு அசிங்கம் நடந்துச்சு. கேப்டன் சில்லார் பயந்துபோய் கொடியை இறக்கிட்டாரு, அதாவது சரண். கீழ இருந்த அதிகாரிங்க அதை ஏத்துக்கவே இல்ல, பீரங்கிய நிறுத்தாம அடிச்சு கப்பலைக் காப்பாத்தி கொண்டு வந்துட்டாங்க. மறுநாள் ஹியூஸ் ஆள் அனுப்பி, கொடி இறக்கின கப்பல் எங்களுக்குத்தான் சொந்தம், கொடுங்கன்னு கேட்டாரு, சுஃப்ரென் முடியாதுன்னுட்டாரு. சில்லாரையும் இன்னும் சில கேப்டன்களையும் பதவியில இருந்து தூக்கிட்டாரு.

இந்தச் சண்டையில ஜெயிச்சது ஹியூஸ்னு சொன்னா தப்பில்ல, நாகப்பட்டினத்தைத் திரும்பப் பிடிக்கற பிளான் அன்னிக்கோட போச்சு. ஆனா ஹியூஸ் அதுக்கப்புறம் பின்தொடராம விட்டதுதான் பிரெஞ்சுக்காரங்களுக்கு பெரிய அதிர்ஷ்டம்.

துறைமுகமே இல்லாம கப்பலை எப்படி ரிப்பேர் பண்ணாங்க?

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

அந்தக் காலத்துல மெட்ராஸ், புதுச்சேரி, கடலூர், நாகை எதுவுமே பெரிய கப்பல் உள்ள வந்து நிக்கற துறைமுகம் கிடையாது. திறந்த கடல்ல, கரையில இருந்து நல்லா தள்ளி நங்கூரம் போடணும். அலை உடையற இடத்தைத் தாண்டி கரைக்கு வரணும்னா மசூலா படகுதான் கதி. ஆணியே இல்லாம பலகையைத் தென்னங்கயிறால தச்ச படகு, அலை அடிச்சா வளைஞ்சு கொடுக்கும், பிளக்காது. ஐரோப்பியக் கப்பலோட படகை அந்த அலையில விட்டா தூள்தான். அதனால தண்ணி, அரிசி, வெடிமருந்து, காயம்பட்டவங்க எல்லாமே நம்ம கரையோர ஆளுங்க துடுப்பு போட்ட படகுலதான் போய் வந்துச்சு.

இப்போ பாய்மரம். 74 பீரங்கி கப்பலோட நடுப் பாய்மரம் ஒரே மரம் இல்ல, பல துண்டை ஒண்ணாச் சேத்து இரும்பு வளையம் போட்டு இறுக்கினது. அதுக்குமேல இன்னொரு மரம், அதுக்குமேல இன்னொண்ணு. ஐரோப்பாவுல பால்டிக் பக்கத்துல இருந்து நெட்டையான பைன் மரம் வரும், தளத்துல பெரிய தூக்கி (கிரேன்) வச்சு நிறுத்துவாங்க. கடலூர்ல ரெண்டும் கிடையாது. என்ன பண்ணாங்கன்னா, குண்டு பட்டு விரிசல் விட்ட மரத்தைச் சுத்தி பலகைங்களை வச்சு கயிறை இறுக்கமா சுத்திக் கட்டினாங்க, உடைஞ்ச கைக்கு நம்ம ஊர்ல மூங்கில் பத்தை வச்சுக் கட்டற மாதிரி. மொத்தமா போனதுக்கு, சின்னக் கப்பல்கள்ல இருந்தும் பிடிச்ச வணிகக் கப்பல்கள்ல இருந்தும் மரத்தைப் பிடுங்கி பெரிய கப்பலுக்கு மாட்டினாங்க. மரம் பத்தலைன்னு கடலூர்ல வீடுங்களை இடிச்சு உத்திரக் கட்டையை எடுத்ததாவும் சொல்வாங்க. தூக்கி இல்லாத இடத்துல ரெண்டு நீளக் கட்டையோட நுனியைச் சேத்துக் கட்டி, கால் ரெண்டையும் அகட்டி கப்பல் தளத்துமேலயே நிறுத்தி, கப்பி போட்டு, ஆளுங்களை வச்சு இழுத்துத்தான் பாய்மரத்தைத் தூக்கி நிறுத்தணும். இதெல்லாம் அலையில ஆடற கப்பல்ல.

ஜூலை 6 சண்டையில அடிபட்ட படை ஆகஸ்ட் 1ல கடலூர்ல இருந்து பாய் விரிச்சுக் கிளம்பிடுச்சு. நாலு வாரம்கூட முழுசா ஆகல. மெட்ராஸ்ல எல்லா வசதியும் வச்சிருந்த ஹியூஸ் அப்போ இன்னும் ரெடி ஆகல. திருகோணமலை கைமாறினதுக்குக் காரணமே இந்த வித்தியாசம்தான்.

ஹைதர் அலியும் சுஃப்ரெனும் நேர்ல பாத்தாங்களா?

பாத்தாங்க. 1782 ஜூலை 26ல கடலூர் பக்கத்துல ஹைதரோட முகாம்ல. ரிப்பேர் நடந்துட்டிருந்த அதே நாட்கள். ஹைதருக்கு பிரெஞ்சுத் தரைப்படை மேல பெரிய நம்பிக்கை இல்ல, கொடுத்த வாக்கு எதுவும் நடக்கலங்கற வருத்தம் இருந்துச்சு, ஆனா சுஃப்ரெனை ரொம்ப மதிச்சாரு. குண்டு உடம்போட தரையில சம்மணம் போட முடியாம அவரு தவிச்சதைப் பாத்து, வசதியா உக்காருங்கன்னு ஹைதரே சொன்னதா ஒரு செய்தி உண்டு.

ஆங்கிலக் கைதிகளை ஹைதர்கிட்ட ஒப்படைச்சாரே, அது உண்மையா?

உண்மைதான், இதை மறைச்சுட்டு சுஃப்ரெனைப் புகழக் கூடாது. நூத்துக்கணக்கான கைதிங்களை வச்சுக்க இடமும் இல்ல, சாப்பாடும் இல்ல, கைதிப் பரிமாற்றத்துக்கு ஆங்கிலேயர் ஒத்துக்கல, அதனால ஹைதர்கிட்ட கொடுத்துட்டாரு. காரணம் புரியுது, ஆனா அவங்க பட்ட பாடு கொடுமை. குட்டி அனிபாலா மாறின அந்த ஹானிபல் கப்பல்ல இருந்த ஜேம்ஸ் ஸ்கரிங்கற சின்னப் பையன் அப்படித்தான் மைசூர் போய் வருஷக்கணக்கா ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் சிறையில கிடந்தான். அப்புறம் ஊர் திரும்பி தன் கதையை எழுதினான்.

திருகோணமலை சண்டையில கொடி விழுந்ததா சொல்றாங்களே?

ஆகஸ்ட் 25ல சுஃப்ரென் திருகோணமலை வந்து, மறுநாள் படையை இறக்கி, 30ல கோணேசர் மலைப் பக்கத்துக் கோட்டையையும் 31ல ஆஸ்டன்பர்க் கோட்டையையும் சரணடைய வச்சுட்டாரு. ஒரே வாரம். அந்தக் கடல் முழுக்க எந்தப் பருவத்துலயும் கப்பல் பத்திரமா நிக்கற துறைமுகம்னா அது திருகோணமலைதான், அது கைக்கு வந்துச்சு. ஹியூஸ் செப்டம்பர் 2 அன்னிக்கு வந்து பாத்தா கோட்டையில பிரெஞ்சுக் கொடி பறக்குது.

மறுநாள் சுஃப்ரென் 14 கப்பலோட வெளிய வந்தாரு, ஹியூஸ்கிட்ட 12. கோட்டை இருக்கு, துறைமுகம் இருக்கு, சும்மா உள்ளயே இருந்திருக்கலாம், ஆனா அவரால முடியாது. சிக்னலைக் கவனிக்கணும்னு ஒரு பீரங்கி வெடிக்கச் சொன்னாரு, அதை ஆளுங்க 'சுடு'ங்கற உத்தரவுன்னு நினைச்சு எட்டாத தூரத்துல இருந்தே எல்லாரும் சுட ஆரம்பிச்சுட்டாங்க. வரிசை குலைஞ்சுது. நடுவுல ஹீரோஸ், இல்லஸ்த்ர், அஜாக்ஸ் மூணும் மட்டும் ஆங்கிலேயருக்குக் கிட்டப் போய் மாட்டிக்கிச்சு, மத்தவங்க முன்னாடியும் பின்னாடியும் சிதறி நின்னாங்க, மணிக்கணக்கா அந்த மூணு கப்பல்தான் மொத்த அடியையும் வாங்குச்சு.

அப்போ ஹீரோஸோட நடுப் பாய்மரம் முறிஞ்சு கடல்ல விழுந்துச்சு. தளபதியோட கொடி அதுலதான் இருந்துச்சு. கொடி போனதைப் பாத்து ஆங்கிலேயர் கப்பல் சரணடைஞ்சிடுச்சுன்னு ஆரவாரம் பண்ணாங்க. சுஃப்ரென் மேல்தளத்துல நின்னு, கொடி கொண்டாங்க, வெள்ளைக் கொடி கொண்டாங்க, கப்பலைச் சுத்தி எல்லா இடத்துலயும் கட்டுங்கன்னு கத்தினாரு. (அப்போ பிரெஞ்சு அரசரோட கடற்படைக்கு வெள்ளைதான் கொடி, சமாதானக் கொடின்னு நினைச்சுடாதீங்க.) சண்டை தொடர்ந்துச்சு. சாயங்காலம் காத்து மாறி மத்தக் கப்பல்கள் கிட்ட வர முடிஞ்சுது, அதனாலதான் ஹீரோஸ் தப்பிச்சுது.

இதுக்கப்புறம் நடந்ததை நிறைய பேர் விட்டுடறாங்க. திரும்பி திருகோணமலைக்குள்ள நுழையும்போது ஒரியான்ங்கற 74 பீரங்கி கப்பல் பாறையில ஏறி நாசமாப் போச்சு. சண்டையில இழக்காத கப்பலைத் துறைமுக வாசல்ல இழந்தாங்க. ஆனா அதோட பாய்மரங்களைக் காப்பாத்தி எடுத்துட்டாங்க, அதைத்தான் மரம் இழந்து நின்ன ஹீரோஸுக்கும் இல்லஸ்த்ருக்கும் பயன்படுத்தினாங்க. ஒரியான் பாறையில ஏறலைன்னா ஹீரோஸுக்கு ஏத்த சைஸ்ல மரம் அந்தக் கடல்ல எங்கயும் கிடைச்சிருக்காது.

அந்த மழைக்காலத்துல எங்க இருந்துச்சு?

சுமத்ரா தீவோட வடக்கு முனையில, அச்சே. ஐப்பசி பொறந்தா சோழமண்டலக் கரையில நங்கூரம் போட்டு நிக்கறது உயிருக்கு ஆபத்து, வடகிழக்குப் பருவம் தொடங்கி புயல் நேரா கரையைப் பாத்து அடிக்கும். அக்டோபர் தொடக்கத்துலயே பிஸார்ங்கற கப்பல் கடலூர் கிட்ட கரைதட்டி போயிடுச்சு. அக்டோபர் 15ல மெட்ராஸ்ல அடிச்ச புயல்ல ஏகப்பட்ட வணிகக் கப்பல் போச்சு, ஹியூஸ் அடிபட்ட படையோட பம்பாய் வரைக்கும் சுத்திப் போனாரு. சுஃப்ரென் மொரீஷியஸ் போகல, அவ்ளோ தூரம் போனா அடுத்த பருவத்துக்கு ஹியூஸுக்கு முன்னாடி திரும்ப முடியாது. நவம்பர்ல அச்சே போய், டிசம்பர்லயே கிளம்பி, ஜனவரில ஒரிசா கரைப் பக்கம் எட்டிப் பாத்து கோவென்ட்ரிங்கற ஆங்கிலக் கப்பலைப் பிடிச்சாரு. டிசம்பர் 7ல ஹைதர் இறந்த செய்தியும் அப்போதான் கிடைச்சுது. 1783 பிப்ரவரில கடலூர், அப்புறம் திருகோணமலை.

1783 கடலூர் சண்டையில சுஃப்ரென் ஹீரோஸ்ல இல்லையாமே, ஏன்?

ஆமா, இல்ல. முந்தின வருஷம் கரீபியன்ல தெ கிராஸ் தன் கொடிக்கப்பலோட சேத்து ஆங்கிலேயர்கிட்ட சிக்கிட்டாரு. அதனால பிரெஞ்சு அரசர், இனிமே தளபதிங்க வரிசைக்கு வெளிய சின்னக் கப்பல்ல இருந்துதான் சண்டையை நடத்தணும்னு உத்தரவு போட்டாரு. சுஃப்ரென் அதுக்குக் கட்டுப்பட்டு கிளியோபாத்ர்ங்கற ஃபிரிகேட்டுக்கு மாறினாரு. ஹீரோஸ் வரிசையில நின்னுச்சு, அவரு வெளிய.

ஜூன் 20, 15 பிரெஞ்சுக் கப்பல், 18 ஆங்கிலக் கப்பல். கரையில பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி புஸ்ஸியோட படையை ஆங்கிலேய ஜெனரல் ஸ்டூவர்ட் கடலூர்ல முற்றுகை போட்டிருந்தாரு. கப்பல்கள்ல ஆள் பத்தாம சுஃப்ரென் புஸ்ஸிகிட்ட இருந்து 1,200 பேரை வாங்கி ஏத்தினாரு, அதுல பாதிப் பேர் இந்திய சிப்பாய்ங்க. கடல்ல கால் வச்சிராத எத்தனையோ பேர் அன்னிக்கு பீரங்கிக் கயிறை இழுத்திருப்பாங்க. அவங்க பேர் எந்த வரலாற்றுலயும் பெருசா வரல, அது எனக்கு எப்பவும் ஒரு ஆதங்கம்.

சண்டையில எந்தக் கப்பலும் போகல, ஆனா தண்ணி பத்தாம, ஸ்கர்வி நோயில ஆளுங்க விழுந்து ஹியூஸ் மெட்ராஸ் திரும்பிட்டாரு, கடலூர் தப்பிச்சுது. ஜூன் 29ல ஆங்கிலக் கப்பல் ஒண்ணு சமாதானச் செய்தியோட வந்துச்சு. முதல்கட்ட ஒப்பந்தம் கையெழுத்தானது ஜனவரி 20ல. சரியா அஞ்சு மாசம் கழிச்சு இங்க அத்தனை பேர் செத்திருக்காங்க.

மொத்தத்துல யாரு ஜெயிச்சா?

அஞ்சு சண்டை, ஒரு பெரிய கப்பல்கூட மூழ்கல, பிடிபடவும் இல்ல. ஒப்பந்தத்துல திருகோணமலை டச்சுக்காரங்களுக்குத் திரும்பிப் போச்சு, நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் வச்சுக்கிட்டாங்க. ஹியூஸ் தோத்தார்னு சொல்ல முடியாது. ஆனா தளம் இல்லாம வந்த ஒருத்தர் பதினாறு மாசம் ஆங்கிலேயரை இந்தக் கரையில நிம்மதியா இருக்க விடல, போகும்போது அந்தக் கடலோட நல்ல துறைமுகம் அவர் கையில இருந்துச்சு.

ஊர் திரும்பினது எப்போ?

1783 அக்டோபர்ல திருகோணமலையை விட்டு, மொரீஷியஸ், கேப் வழியா 1784 மார்ச் 26ல தூலோன். கேப்ல ஹியூஸ் படையைச் சேந்த ஆங்கிலக் கேப்டன்கள் ஹீரோஸுக்கே வந்து மரியாதை பண்ணாங்க, வேற எந்தப் பாராட்டையும்விட அது தனக்குப் பெருசா இருந்துச்சுன்னு சுஃப்ரெனே எழுதியிருக்காரு. பிரான்ஸ்ல அவருக்காகவே வைஸ் அட்மிரல் பதவி ஒண்ணு கூடுதலா உருவாக்கினாங்க. 1788 டிசம்பர்ல பாரிஸ்ல இறந்தாரு.

ஹீரோஸோட முடிவு?

பிரெஞ்சுப் புரட்சிக்கு அப்புறம், 1793 ஆகஸ்ட்ல தூலோன் நகரத்து அரசர் ஆதரவாளர்கள் நகரத்தையும் கப்பல்களையும் ஆங்கிலேய, ஸ்பானியப் படைகிட்ட ஒப்படைச்சாங்க. புரட்சிப்படை முற்றுகை போட்டுச்சு, அதுல பீரங்கிப் பிரிவை நடத்தினவர் 24 வயசு நெப்போலியன் போனபார்ட். டிசம்பர் 18 ராத்திரி ஆங்கிலேயர் வெளியேறும்போது சிட்னி ஸ்மித் தலைமையில ஒரு குழு கப்பல்களுக்குத் தீ வச்சுது. ஹீரோஸும் தெமிஸ்தோக்ளும் அப்போ கைதிங்களை அடைச்சு வச்ச கப்பல்கள். பக்கத்துல வெடிமருந்துக் கப்பல் வெடிச்சுச் சிதறுது, உள்ள கைதிங்க. அவங்களைக் கரையில இறக்கிட்டுத்தான் ரெண்டு கப்பலையும் கொளுத்தினாங்க. நம்ம பக்கத்துக் கடல்ல மட்டும் நாலு சண்டையில சுஃப்ரெனோட கொடியைத் தாங்கின கப்பல் கடைசில சிறையா நின்னு எரிஞ்சுதுன்னு படிக்கும்போது மனசு கேக்கல.

டிராஃபல்கர் சண்டையில ஹீரோஸ்னு ஒரு பிரெஞ்சுக் கப்பல் இருந்துச்சே, இதுவா அது?

இல்ல. அது 1801ல ரோஷ்ஃபோர்ல கட்டின வேற கப்பல், அதுவும் 74 பீரங்கி, 1808ல காதிஸ்ல ஸ்பானியர் கைக்குப் போச்சு. அதே மாதிரி ஹியூஸ் படையில ஹீரோன்னு ஒரு ஆங்கிலக் கப்பலும் இருந்துச்சு, போர்த்தோ பிராயாவுல நின்ன படையில இருந்து வந்தது, படிக்கும்போது ரெண்டையும் கலந்துடாதீங்க.

இந்த இடங்களை இப்போ போய்ப் பாக்க முடியுமா?

சதுரங்கப்பட்டினத்துல டச்சுக் கோட்டையோட மிச்சமும் பழைய கல்லறைகளும் தொல்லியல் துறை பராமரிப்புல இருக்கு, கல்பாக்கம் போற வழியில இறங்கிப் பாக்கலாம். புதுச்சேரில சுஃப்ரென் பேர்ல ஒரு தெருவே இருக்கு. திருகோணமலையில கோணேசர் கோயிலுக்குப் போற வழியே அந்தக் கோட்டைக்குள்ளதான் போகுது, மேல மலை உச்சியில நின்னு கிழக்கே பாத்தா 1782 செப்டம்பர் 3 சண்டை நடந்த கடல் பக்கம் தெரியும். கடலூர்ல முற்றுகை நடந்த பகுதி முழுக்க இப்போ ஊரு.